ஆழ்ந்த பணியில் ஒரு கணினி

முத்தாரம்பட்டினத்தில் கடலுக்குப் போகும் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கிற அறையில் ஒரே ஒரு கணினி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் முகம்மது சுல்தானின் படகு எண்ணை அடித்து, 'புறப்பாடு' என்ற பொத்தானை அமுக்கியதும் அது நின்றுவிட்டது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு வட்டமும் நின்றது.

சுல்தான் வரிசையில் கடைசி ஆள். மற்ற படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. கணினியில் பதிவு செய்கிற பெலிக்ஸ் மவுஸை நாலு தடவை மேசையில் தட்டிப் பார்த்தான்.

"நீங்க கெளம்புங்க பாய். அது மெதுவா உள்ள ஏறிக்கிரும்" என்றான்.

சுல்தானும் அவரோடு தொழிலுக்குப் போகும் மலையாண்டியும் கிளம்பினார்கள். கணினியில் எதுவும் ஏறவில்லை.

ஞாயிறு விடிந்ததும் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. சுல்தானின் படகு மட்டும் வரவில்லை. அவர் மனைவி பரக்கத் நிஷாவும் மலையாண்டியின் மனைவி பரிமளாவும் வெயில் ஏறும்வரை கரையில் நின்றார்கள். இருவர் போனும் ஒரே பதிலைச் சொன்னது: தொடர்பு எல்லைக்கு வெளியே.

சுல்தானின் தம்பி ராஜா முகமது தன் படகை விட்டு இறங்கி வந்தான்.

"இருட்டுல அண்ணன் எந்தப் பக்கம் திரும்பினாருன்னு நான் பாக்கல மைனி. இன்ஜின் மக்கர் பண்ணிருச்சுன்னுதான் நெனைக்கிறேன். கச்சான் காத்து வேற தூக்கலா அடிக்குது. இன்ஜின் நின்னா கெழக்க இழுத்துட்டுப் போயிரும். எல்லைக்கு அங்கிட்டுப் போயிட்டா அப்பறம் நம்ம கையில ஒண்ணுமில்ல."

"அப்ப போயித் தேடுங்களேன் ராஜா."

"டோக்கன் போட்டுட்டு ஒடனே போறோம். டோக்கன் இல்லாமப் போனா மானிய டீசல் கார்டை முடக்கிருவாங்க. போன மாசம் ரெண்டு பேருக்கு முடக்கி இன்னும் தெறக்கல."

எல்லோரும் டோக்கன் அறைக்குப் போனார்கள். பெலிக்ஸ் நேற்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஊரின் படகுகள் வரிசையாக இருந்தன. அன்று காலை கரைக்குத் திரும்பிய படகுகள் எல்லாவற்றுக்கும் நேரே 'கடலில்' என்று இருந்தது. கடலில் இருந்த ஒரே படகுக்கு நேரே 'கரையில்' என்று இருந்தது.

"அவுக போயிட்டாக தம்பி. ஒன் கண்ணு முன்னாடிதானே போனாக?" என்றாள் நிஷா.

"எனக்குத் தெரியுங்க்கா. மிஷினுக்குத் தெரியலையே. ரோந்துப் படகுக்காரங்களுக்குப் போன் அடிச்சேன். அவங்களும் இந்த லிஸ்டைத்தான் பாக்குறாங்க. கரையில இருக்குற படக நாங்க எதுக்குத் தேடணும்னு கேக்குறாங்க."

"எங்களுக்காச்சும் டோக்கனைப் போடு" என்றான் ராஜா முகமது.

"நீங்கதான் ஏற்கெனவே கடல்ல இருக்கீங்களே. கடல்ல இருக்குற ஆளுக்குப் புறப்பாடு போட முடியாது. கரைக்கு வந்துட்டீங்கன்னு போடணும்னா மிஷின் ஓடணும்."

"அதை அமத்திப்போட்டு மறுபடி போடேன்யா" என்றாள் பரிமளா. "எங்க வீட்டு டிவிக்கு நான் அதத்தான் செய்யிறேன்."

பெலிக்ஸ் சுவரைக் காட்டினான். அங்கே ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. எந்தக் கணினியையும் மாவட்டக் கணினி உறைநிலைத் தடுப்புப் பிரிவின் ஆணையின்றி அணைக்கக் கூடாது. அணைத்தால் ஊர்க் கணினி தானே பூட்டிக்கொள்ளும். பூட்டைப் பிரிவுதான் திறக்கும். முன்பு எங்கோ ஒருவர் அவசரப்பட்டுக் கணினியை அணைத்ததில் அந்தப் பிரிவின் ஆண்டு விழா அழைப்பிதழ் அழிந்துபோயிருந்தது. விழா நடந்தது, ஆனால் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த சுற்றறிக்கை இது.

"புதுக்கோட்டை, திருக்கோகர்ணத்துல ஆபீசு" என்றான் பெலிக்ஸ். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான். ஆனா நம்ம நல்ல நேரம், உறைநிலைத் தடுப்பு வாரம் இன்னிக்குத் தொடங்குது. எல்லாரும் இருப்பாங்க. போன் எடுக்க மாட்டாங்க, நேர்ல போங்க."

இரண்டு பெண்களும் அறந்தாங்கி வழியாகப் பேருந்து மாறிப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் பரிமளா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தாள். மலையாண்டிக்கு நீச்சல் தெரியும், ஆனால் தாகம் தாங்க மாட்டான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். புதுக்கோட்டையில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் திருக்கோகர்ணம் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

அலுவலக வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மனுப் பிரிவில் சரண்யா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நிஷா சொன்னதையெல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள். இடையில் ஒருமுறை "அச்சோ" என்றுகூடச் சொன்னாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். நிஷா அதில், எங்கள் ஊர் கணினி நின்றுபோய்விட்டது, அணைத்துப் போட ஆணை தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

சரண்யா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நின்னு போச்சுன்னு எழுதக் கூடாதுங்க. உறைஞ்சிருச்சுன்னும் எழுதக் கூடாது. நம்ம மாவட்டத்துல இந்த வருஷம் ஒரு கம்ப்யூட்டர் கூட உறையல."

"எங்க ஊர்ல உறைஞ்சிருக்கேம்மா."

"அத நாங்க ஆழ்ந்த பணின்னு சொல்றோங்க. கம்ப்யூட்டர் ஆழ்ந்த பணியில் உள்ளது அப்படின்னு எழுதுங்க. அப்பதான் வாங்க முடியும்."

நிஷா அப்படியே எழுதினாள். சரண்யா படித்துப் பார்த்தாள்.

"ஆழ்ந்த பணியில இருக்குறத எதுக்கு அணைக்கணும்னு சார் கேப்பாரு. காரணம் எழுதுங்க. சூடா, தூசியா, ஒரே நேரத்துல நெறையத் தெறந்து வச்சதா, எடம் பத்தலையா, பழசா? அஞ்சுல எது?"

"எனக்கு எப்புடிம்மா தெரியும்? ரெண்டு உசுரு கடல்ல கெடக்கு."

சரண்யா இரக்கத்தோடு அவளைப் பார்த்தாள். "அது இந்த அஞ்சுல வராதுங்களே" என்றாள். "உள்ள போயி உக்காருங்க. சார் இப்ப அந்த அஞ்சையும் பத்தித்தான் பேசப் போறாரு. கேட்டுட்டு வந்து எழுதுங்க."

அரங்கத்தில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. இரண்டு பெண்களைப் பார்த்ததும் ஒருவர் ஓடிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். 'பயனாளி' என்று அச்சடித்த பட்டையை இருவர் தோளிலும் குத்தினார். நாங்கள் ஆணை வாங்க வந்தவர்கள் என்று நிஷா சொன்னாள். அதுதான் பயனாளி என்றார் அவர்.

மேடையில் பிரிவின் கணினி இருந்தது. விழாவின் நாயகன் அதுதான் என்பதால் அதன் பெட்டிக்குச் சந்தனம் வைத்துப் பட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. ஊதுபத்தி புகைந்தது. மேடை எதிரே நான்கு மின்விசிறிகள் சுழன்றன. நான்கும் விருந்தினர் பக்கம் திரும்பியிருந்தன.

முதலில் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டினார்கள். "கணினியைத் தட்ட மாட்டேன்" என்றது ஒலிபெருக்கி. தட்ட மாட்டேன் என்றார்கள். "கணினியைத் திட்ட மாட்டேன்." திட்ட மாட்டேன். "அனுமதியின்றி அணைக்க மாட்டேன்." அந்த இடத்தில் பரிமளாவின் கை கீழே இறங்கியது. பட்டை குத்தியவர் வந்து அதைத் தூக்கிவிட்டுப் போனார்.

பிறகு உறைநிலைத் தடுப்பு அலுவலர் பெரியண்ணன் பேச எழுந்தார். கம்பீரமான குரல்.

"கணினி ஏன் உறைகிறது? முதல் காரணம் வெப்பம். கணினிக்குக் காற்று வேண்டும். அதன் மூச்சை நாம் அடைக்கலாமா? அடைக்கக் கூடாது!"

இந்த இடத்தில் தாமதமாக வந்த ஒரு பிரமுகர் மேடையேறி, கணினிக்கு இரண்டாவது பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள்.

"இரண்டாவது காரணம் தூசி. மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். துடைப்பதற்கு மிக உயர்ந்த துணியை வாங்கியிருக்கிறோம். அந்தத் துணியில் தூசி பட்டுவிடக் கூடாதே என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது. ஒரு தூசி அதை நெருங்க முடியாது.

"மூன்றாவது, ஒரே நேரத்தில் பல செயலிகளைத் திறந்து வைப்பது. இது பெருங்குற்றம். இதைக் கண்டுபிடிப்பதற்காக எல்லாக் கணினிகளிலும் எட்டுக் கண்காணிப்புச் செயலிகளை ஏற்றியிருக்கிறோம். அவை இரவும் பகலும் ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றைக் கண்காணிக்கிறது. எட்டாவதை என்னைக் கேட்டுத்தான் மூட முடியும்.

"நான்காவது, இடப் பற்றாக்குறை. தேவையற்ற கோப்புகளை அழித்துவிடுங்கள். நான் கடந்த மூன்றாண்டுகளாக ஆற்றிய உரைகளின் வீடியோக்கள் உங்கள் கணினிகளில் இருக்கின்றன. அவை தேவையானவை. அவற்றை விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள்.

"ஐந்தாவது, பழைய இயந்திரங்கள். புதியதை வாங்குங்கள். நாங்கள் வாங்கிவிட்டோம். என் அறையில் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறேன். பெருமையோடு சொல்கிறேன், வாங்கிய நாளிலிருந்து அவற்றில் ஒன்றுகூட உறைந்ததில்லை!"

நிஷா எழுந்தாள். அவள் வாழ்நாளில் மேடைக்கு எதிரே எழுந்து பேசியதில்லை.

"ஐயா, எங்க வீட்டுக்காரவுக கடல்ல கெடக்காக. ஒங்க ஆர்டர் ஒண்ணு குடுத்தீங்கன்னா எங்காளுங்க போயிக் கூட்டிட்டு வந்துருவாக. நேரம் போகுதுங்கய்யா."

பெரியண்ணன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். கல்மனம் படைத்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் கண் கலங்கி மூக்கை உறிஞ்சினார். அது மைக்கிலும் கேட்டது.

"பார்த்தீர்களா? கடற்கரையிலிருந்து ஒரு சகோதரி நம்மை நம்பி வந்திருக்கிறார். இந்த மேடையிலேயே, இந்த நிமிடமே, என் கையாலேயே ஆணை பிறப்பிக்கிறேன். படம் எடுத்துக்கொள்ளுங்கள்."

நிஷாவையும் பரிமளாவையும் மேடைக்கு அழைத்தார்கள். பெரியண்ணன் பொன்னாடைகளைச் சற்று விலக்கி, விசைப்பலகையைத் தேடி எடுத்து, ஊரின் பெயரை அடித்தார். 'ஆணை' என்ற பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. புகைப்படக்காரர் இன்னும் ஒரு படம் என்றார். வட்டம் நின்றது.

பெரியண்ணன் மறுபடி அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. மேடையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே வார்த்தை இல்லை. இருந்த வார்த்தையை அவர்களே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"ஆழ்ந்த பணி" என்றார் கடைசியில் பெரியண்ணன், மெல்லிய குரலில். "தொந்தரவு செய்ய வேண்டாம்."

"எம்புட்டு நேரம்யா ஆகும்?" என்றாள் நிஷா.

"பணி முடியும்வரை அம்மா."

"இத அமத்திப் போட முடியாதா?"

"ஆணை வேண்டும்."

"ஆணை குடுக்குறது நீங்கதானே?"

"நான்தான். ஆனால் இதில்தான் அடிக்க வேண்டும்" என்று அவர் கணினியைக் காட்டினார். அவர் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. இந்த ஏற்பாட்டை அவர் மனப்பூர்வமாக நம்பினார். சென்னைக்கு எழுதலாம், அவர்கள் ஒரு குழு அனுப்புவார்கள், போன முறை அனுப்பிய குழு மிகவும் நல்ல குழு என்றார்.

பரிமளா அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நிஷா அவளைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். இரண்டு பொன்னாடைகளையும் உருவிக் கீழே போட்டாள். பெட்டியில் கை வைத்தபோது தோசைக்கல்லாகச் சுட்டது. அதன் வயர் எங்கே போகிறது என்று கண்ணால் தேடி, சுவரோரம் போய், பிளக்கைப் பிடுங்கினாள்.

அது எக்ஸ்டென்ஷன் பலகையின் பிளக், ஒலிபெருக்கியும் அதில்தான் இருந்தது. பெரியண்ணன் எதையோ கண்டித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, கேட்கவில்லை. நிஷா பிளக்கை மறுபடி செருகினாள். திரை கறுத்து, வெளுத்து, எழுத்துகள் வந்தன. புதுப்பிப்பு நடைபெறுகிறது, ஒரு சதவீதம் முடிந்தது, கணினியை அணைக்க வேண்டாம்.

அரங்கத்தில் எல்லோரும் அந்த ஒரு சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இரண்டு ஆனபோது ஒருவர் கைதட்டினார்.

நிஷா பரிமளாவைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டி வந்தாள். வாழைமரத்தடியில் நின்று போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போனது. மூன்றாவது தடவை பெலிக்ஸ் எடுத்தான்.

"ஆர்டர் கெடச்சிருச்சாக்கா?"

"கெடைக்காது தம்பி. இவுங்க மிஷினும் நின்னு போச்சு."

போனில் அலைச் சத்தமும் ஆட்கள் பேசுவதும் கேட்டது. எல்லோரும் டோக்கன் அறை வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி" என்றாள் நிஷா. "ஒன் மிஷினு என்ன சொல்லுது? ராஜா படகு இப்ப எங்கன இருக்கு?"

"கடல்ல."

"மத்தவுக படகு?"

"எல்லாம் கடல்லதான்."

"கடல்ல இருக்குற படகுக்கு எதுக்குய்யா டோக்கன்? இப்ப அவுக கெளம்பிப் போனா எந்தக் கணக்குல தப்பு வரும்?"

பெலிக்ஸ் திரையில் இருந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை படித்தான். அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் திரையில் இருப்பதை நம்பியே பழகியவன்.

"தப்பே வராதுக்கா" என்றான். "அவங்கதான் இன்னும் கரைக்கே வரலையே."

"அப்பச் சொல்லு அவுககிட்ட. இன்னொண்ணு. நேத்து அவுக கெளம்பறப்ப ஒன்கிட்ட ஏதாச்சும் சொன்னாகளா? எந்தப் பக்கம் போறோம், என்னன்னு?"

"சொன்னாருக்கா. மணல்திட்டுக்குத் தெக்க, ஆழத்துல எறா படுதாம், அங்கிட்டுப் போறோம்னாரு."

"இத ஏன்யா காலையில சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே. மிஷின்லயும் அதுக்குக் கட்டம் இல்ல" என்றான் பெலிக்ஸ். சொன்ன பிறகு தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். "அக்கா, நானும் அவங்களோட போறேன்" என்று போனை வைத்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது படகுகள் கிளம்பின. கணினி அவற்றைக் கடலில் என்று காட்டியது. அன்று அது காட்டியதில் முதல் உண்மை அதுதான். நிஷாவும் பரிமளாவும் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பிக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகம் பேசுகிற பெண்கள் அல்ல இருவரும். ஒருத்தி துஆ ஓதினாள், ஒருத்தி தன் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். விடிந்தும் அப்படியே இருந்தார்கள்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில்தான் படகுகள் திரும்பின. ராஜா முகமதின் படகு இன்னொரு படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. மணல்திட்டிலிருந்து வெகுதூரம் கிழக்கே, எல்லையைத் தொடும் இடத்தில் அது மிதந்துகொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தாண்டிப் போயிருக்கும்.

மலையாண்டியை நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். தாகம் பொறுக்காமல் கடல் தண்ணீரைக் குடித்திருந்தான். கண் திறந்திருந்தும் அவனுக்குப் பரிமளாவை அடையாளம் தெரியவில்லை. அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள். அவன் பிழைத்துக்கொண்டான் என்பதையும், பேச்சு மட்டும் முன்போல் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்த நாள் செய்தித்தாளில் திருக்கோகர்ணம் விழாவின் படம் வந்திருந்தது. மேடையில் பெரியண்ணனும், இரண்டு பக்கமும் பட்டை குத்திய இரண்டு பெண்களும். கடலோர மகளிர் ஆர்வத்துடன் பங்கேற்றனர் என்று கீழே போட்டிருந்தது. உறைநிலையே இல்லாத மாவட்டம் என்ற விருதுக்குப் பெயர் அனுப்பப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது.

அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை சுல்தான் தானாகவே படகிலிருந்து இறங்கினார். உதடு வெடித்திருந்தது. இரண்டு கையும் கிரீஸும் ரத்தமுமாக இருந்தது. நிஷா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் ஊற்றினாள்.

அவர் குடித்து முடித்து, மூச்சு வாங்கி, அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஞாயிறு காலையிலேயே வருவார்கள் என்று எண்ணிக் கடல் மேலேயே கண்ணை வைத்திருந்த மனிதர். நிஷா எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். சுற்றறிக்கை, உறுதிமொழி, பொன்னாடை, ஒரு சதவீதம். எதைச் சொன்னாலும் வெயிலில் புத்தி பிசகியது அவளுக்கா தனக்கா என்று அவர் யோசிப்பார்.

"கம்ப்யூட்டர் நின்னு போச்சு" என்றாள்.

"நம்ம இன்ஜின் மாதிரியா?"

"ஆமா."

சுல்தான் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் அதைப் பத்துத் தடவை கழட்டி மாட்டுனேன் நிஷா. ஓடலதான். ஆனா கையை எடுக்கல. அவுங்க என்ன செஞ்சாங்க?"

நிஷா அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கும்பிட்டாங்க" என்றாள்.